வாசகர் கேள்வி – பதில்: அப்துல்லாபுரம் விமான நிலையம் யாருக்குச் சொந்தம்?

அப்துல்லாபுரத்தில் உள்ள வேலூர் விமான நிலையம் குறித்து வட ஆற்காட்டு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

வாசகர், சத்துவாச்சாரி: அப்துல்லாபுரத்தில் ஓடுபாதையைச் சீரமைத்தார்கள், முனையக் கட்டடமும் எழுந்தது. ஆண்டுகள் ஓடுகின்றனவே தவிர, பயணிகள் விமானம் வந்தபாடில்லை. இது மாநில அரசின் சொத்தா, மத்திய அரசின் சொத்தா? யாரைக் கேட்பது?

அப்துல்லாபுரம் நிலையம் மத்திய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குச் சொந்தமானது. பன்னாட்டு விமான நிலையங்களைக் கவனித்துவந்த ஓர் அமைப்பையும் உள்நாட்டு நிலையங்களைக் கவனித்துவந்த இன்னோர் அமைப்பையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணைத்து, 1995 ஏப்ரல் 1 அன்று இந்த ஆணையம் தொடங்கப்பட்டது. சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி, சேலம் ஆகியவையும் இதன் நிலையங்களே.

சொத்து மத்திய அரசுடையது என்பதால் பொறுப்பும் அங்கேயே முடிந்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை விமானப் போக்குவரத்தையும் விமான நிலையங்கள் அமைப்பதையும் மத்தியப் பட்டியலில் வைத்திருக்கிறது. நிலத்தை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே ஓடுபாதையை நூறு மீட்டர் நீட்டுவதானாலும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட வேண்டும், அதற்கான பட்டா நிலத்தையோ புறம்போக்கையோ சென்னையில் உள்ள அரசு எடுத்துத் தர வேண்டும், இடையில் ஒரு கிராமச் சாலை குறுக்கிட்டால் அதற்கு மாற்றுப் பாதையை மாவட்ட நிர்வாகம் கண்டுபிடிக்க வேண்டும். இவை மூன்றும் ஒரே வேகத்தில் நகர்ந்ததாக நம் நாட்டில் அதிக உதாரணங்கள் இல்லை.

இத்தனையும் முடிந்த பிறகு உரிமம் வேண்டும். ஆணையம் தன் சொந்த நிலையத்துக்குத் தானே உரிமம் கொடுத்துக்கொள்ள முடியாது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஓடுபாதையின் தரம், சுற்றுவேலி, தீயணைப்பு வசதி, விமானம் இறங்கி ஏறும் திசையில் உள்ள குன்றுகளும் கோபுரங்களும் எனப் பலவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தரும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த வேலூரில் இந்தக் கடைசி விஷயம் சம்பிரதாயமான ஒன்றல்ல.

உரிமம் கிடைத்தாலும் விமானம் தானாக வந்துவிடாது. பேருந்து நிலையம் மாநகராட்சியுடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது என்ற பிரிவினை நமக்குப் பழக்கமானதுதான், விமானத்திலும் அப்படியே. ஒரு வேறுபாடு உண்டு. பேருந்து விடச் சொல்லி அரசு தன் கழகத்துக்கு ஆணையிடலாம். விமானத்தில் பெரும்பாலான ஊர்களைப் பொறுத்தவரை அந்தக் காலம், அரசு நிறுவனங்களின் ஏகபோகத்தைத் தந்திருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டதோடு முடிந்தது. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்திடம் போய்விட்டது. அரசின் கையில் எஞ்சியிருப்பது அலையன்ஸ் ஏர் என்னும் சிறு நிறுவனம். ஒரு நிறுவனம் தன் கணக்கைப் போட்டுப் பார்த்து, வேலூருக்குப் பறந்தால் கட்டுபடியாகும் என்று முடிவு செய்ய வேண்டும். என் பார்வையில் சிக்கலின் மையம் அந்தக் கணக்குத்தான். அடுத்த கேள்வி அதைத்தான் தொடுகிறது.

தங்கும் விடுதி நடத்துபவர், தோட்டப்பாளையம்: கட்டுபடியாகாது என்பதை நான் ஏற்க மாட்டேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களுக்காக எங்கள் தெருவில் பெயர்ப்பலகையையே வங்காளத்தில் எழுதி வைத்திருக்கிறோம். விஐடி மாணவர்கள் வேறு, ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்கு வருபவர்கள் வேறு. இதைவிடவா பயணிகள் வேண்டும்?

பயணிகள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. தமிழ்நாட்டில் வேலூர் அளவுள்ள வேறு எந்த நகரத்துக்கும் இவ்வளவு தொலைவிலிருந்து, இவ்வளவு சீராக, ஆண்டு முழுவதும் ஆட்கள் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் விமான நிறுவனம் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும், அந்தத் தொலைவைக் கடக்கும் விமானம் இந்த ஓடுபாதையில் இறங்குமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. வேலூரின் கதை அங்கேதான் இடறுகிறது.

தாங்கள் குறிப்பிட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் கொல்கத்தா பக்கத்திலிருந்து வருபவர்கள். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். வேலூரிலிருந்து அதைவிடச் சற்றுக் கூடும். அந்தத் தொலைவை இருநூறு பேருக்குச் சற்றே குறைவானவர்களை ஏற்றிக்கொண்டு பறப்பவை ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள். முழுச் சுமையோடு அவை ஏறி இறங்கப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதை தேவை. எழுபது பேர் அமரும் ஏடிஆர் 72 விமானத்துக்கே 1,300 மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். அப்துல்லாபுரத்தில் நடந்த சீரமைப்போ ஏறத்தாழ இருபது பேர் அமரும் டோர்னியர் 228 வகைச் சிறு விமானங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த விமானம் வேலூரிலிருந்து கிளம்பி ஒரே மூச்சில் கொல்கத்தா போய்ச் சேராது.

அப்படியானால் அது எங்கே போகும்? சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும். சென்னை சாலை வழியே 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காட்பாடியில் விரைவு ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தை ஒட்டிச் சென்னை சென்ட்ரலில் இறங்கிவிடலாம். விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, சோதனை முடித்து, பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வருவதற்கும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். கொல்கத்தா நோயாளி ஒருவர் சென்னையில் இறங்கி இன்னொரு விமானத்துக்குக் காத்திருப்பதைவிட, கூட வந்தவர்களோடு ஒரு டாக்சி பிடித்து வாலாஜா வழியாக வந்துவிடுவதையே விரும்புவார். படுத்த நிலையில் வரும் நோயாளிக்குச் சிறு விமானத்தின் குறுகிய கதவு இன்னும் பெரிய தொல்லை.

ஆக, இங்கே இருக்கும் பயணிகளுக்கு ஏற்ற ஓடுபாதை இல்லை. இருக்கும் ஓடுபாதைக்கு ஏற்ற பயணிகள் இல்லை. நாளொன்றுக்கு 180 இருக்கையுள்ள ஒரே ஒரு விமானம் கொல்கத்தாவிலிருந்து வந்து திரும்பினால் ஆண்டுக்கு 1,31,400 இருக்கைகள் ஆகின்றன. அவற்றில் முக்கால் பங்கை நிரப்ப வேலூரால் முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு வேண்டிய நிலம், இன்று கையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அப்துல்லாபுரத்தில் ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை, மறு பக்கங்களில் வீடுகளும் வயல்களும் மலையும் இருக்க, அந்த நிலம் அங்கேயே கிடைக்குமா, அல்லது வேறு இடம் பார்க்க வேண்டுமா என்பதை நம் ஊர்ப் பிரமுகர்கள் இதுவரை வெளிப்படையாகப் பேசிக் கேட்டதில்லை. ‘விமானம் எப்போது வரும்’ என்ற கேள்வியே எல்லாருக்கும் போதுமானதாக இருக்கிறது.

தூத்துக்குடியைப் பாருங்கள். வாகைக்குளம் நிலையம் பல ஆண்டுகள் 1,350 மீட்டர் ஓடுபாதையோடு, ஏடிஆர் போன்ற விமானங்களை மட்டும் வைத்து ஓடியது. அவை நிரம்பின. துறைமுகமும் தொழிற்சாலைகளும் தந்த அந்தப் பயணிகள் எண்ணிக்கையைக் காட்டித்தான் விரிவாக்கம் கேட்டார்கள். மாநில அரசு நிலம் எடுத்துக் கொடுத்தது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. சிறிய விமானத்தில் தொடங்கிப் பெரியதற்கு வளரலாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் சென்னையிலிருந்து தூத்துக்குடி அறுநூறு கிலோமீட்டர். ஏடிஆருக்கு அது பொருத்தமான தொலைவு. வேலூருக்கு அந்த முதற்படி வாய்க்கவில்லை.

வாசகி, காட்பாடி: வேலூரிலிருந்து சென்னைக்கு விமானம் விட்டால் நீங்கள் போவீர்களா?

ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போவேன். மறு தடவை ரயில்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்: உடான் திட்டத்தில் வேலூர் சேர்க்கப்பட்டபோது மானியம் தருவதாகச் சொன்னார்களே, ஐயா. நட்டம் வந்தால் அரசு ஈடுகட்டுமானால் நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

சிறு ஊர்களைக் குறைந்த கட்டண விமானங்களால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்கு, அதாவது ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு, குறிப்பிட்ட அளவு இருக்கைகளை ரூ.2,500 என்ற உச்சவரம்புக்குள் விற்க வேண்டும் என்பது தொடக்கத்தில் வைத்த விதி. அதனால் விமான நிறுவனத்துக்கு விழும் துண்டை அரசு மானியமாகத் தரும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த மானியத்தில் 80 விழுக்காட்டை மத்திய அரசு அமைத்த நிதியமும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. நிதியத்துக்குப் பணம் வருவது பெருநகரங்களுக்கு இடையே பறக்கும் மற்ற விமானங்களின் மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து. டெல்லிக்கும் மும்பைக்கும் பறப்பவர் சீட்டில் நம்மூர்ப் பயணிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாநில அரசின் பங்கு அதோடு நிற்பதில்லை. உடான் நிலையத்தில் நிரப்பும் எரிபொருளுக்கு மதிப்புக் கூட்டு வரியை ஒரு விழுக்காடாகவோ அதற்குக் கீழாகவோ குறைக்க வேண்டும், தேவைப்படும் நிலத்தை விலையில்லாமல் தர வேண்டும், காவல் துறையையும் தீயணைப்பையும் இலவசமாக அமர்த்த வேண்டும், மின்சாரத்தையும் நீரையும் சலுகை விலையில் தர வேண்டும். வருமானம் வந்தால் அது ஆணையத்துக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் மாநிலங்கள் சற்றுத் தயங்கி நடப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நிறுவனங்களின் தயக்கத்துக்கு வருகிறேன். மானியம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதுவரை அந்த வழித்தடத்தில் வேறு நிறுவனம் போட்டிக்கு வராது. மூன்று ஆண்டு கழித்துத் தன் காலில் நிற்க முடியாத தடத்தைத் தொடங்கி என்ன பயன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதை எண்ணிக்கையில் காட்டியது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கியவற்றுள் 112 மட்டும் மூன்று ஆண்டுகளை முழுமையாக நிறைவு செய்தன. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை பறந்துகொண்டிருந்தவை 54.

தமிழ்நாட்டில் சேலம், நெய்வேலி, தஞ்சாவூர், இராமநாதபுரம், வேலூர் ஆகிய ஐந்தும் உடானில் இடம்பெற்றன. அவற்றின் உடைமையே ஒரு கதம்பம்: சேலமும் வேலூரும் ஆணையத்துடையவை, நெய்வேலி என்எல்சி நிறுவனத்துடையது, தஞ்சாவூர் விமானப் படையுடையது, இராமநாதபுரத்தில் உள்ளது கடற்படைத் தளம். உடைமையாளர் நால்வகை, விளைவு பெரும்பாலும் ஒன்றுதான். சேலத்தில் மட்டும் விமானம் பறக்கிறது, அதுவும் விட்டுவிட்டு. கிங்ஃபிஷர் சில காலம் வந்து நின்றது, 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்து அதுவும் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அங்கே ஏடிஆர் தாராளமாக இறங்கும் ஓடுபாதை இருந்ததால் புதிய நிறுவனங்கள் திரும்பி வர முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோல் ஏற்றுமதியாளர், ஆம்பூர்: கொச்சியில் மக்களே பங்கு போட்டு விமான நிலையம் கட்டினார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலதிபர்களும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்களும் சேர்ந்தால் வேலூரில் அதைச் செய்ய முடியாதா? அரசையே எத்தனை நாள் எதிர்பார்ப்பது?

கொச்சியின் கதை நம் நாட்டு விமான நிலையங்களின் வரலாற்றிலேயே உற்சாகம் தரும் அத்தியாயம். அங்கே பழைய நிலையம் வில்லிங்டன் தீவில் கடற்படையின் வசம் இருந்தது. பெரிய விமானங்களுக்கு ஓடுபாதை போதவில்லை. மத்திய அரசிடம் பணம் இல்லை. 1994இல் ஒரு பொது நிறுவனத்தைப் பதிவு செய்து, மாநில அரசு, வளைகுடா நாடுகளில் வாழும் ஆயிரக்கணக்கான மலையாளிகள், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், தொழிலதிபர்கள் எனப் பலரிடமிருந்து முதல் திரட்டினார்கள். வீட்டு வசதி நிறுவனமான ஹட்கோவிடம் கடன் வாங்கினார்கள். நெடும்பாசேரியில் 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் அதைத் திறந்து வைத்தார். இன்று கேரள அரசு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. நிறுவனத் தலைவராக முதலமைச்சரே இருக்கிறார். பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை போகிறது. 2015இல் தன் மின்தேவை முழுவதையும் சூரிய ஒளியால் நிறைவு செய்யும் நிலையமாகவும் அது ஆனது.

நிலம் இழந்தவர்களை அவர்கள் நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. அந்தக் குடும்பங்களுக்கு நிலையத்தில் டாக்சி ஓட்டும் உரிமையும் வேலைகளும் தரப்பட்டன. எதிர்ப்பும் வழக்குகளும் இல்லாமல் இல்லை. ஆயினும் விமான நிலையத்தின் வருமானத்தில் ஒரு துளி அந்த மண்ணின் மக்களுக்குப் போக வழி செய்யப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொச்சியில் பங்கு வாங்கியவர்களும் விமானத்தில் பறந்தவர்களும் ஒரே கூட்டத்தார். துபாயிலும் தோஹாவிலும் வேலை செய்தவர், தான் ஊர் திரும்ப ஒரு வாசல் வேண்டும் என்றே பணம் போட்டார். பன்னாட்டுப் பயணிகள் வந்ததால் சுங்கத் தீர்வையற்ற கடை, அதன் வாடகை, வாகன நிறுத்தம், விளம்பரம் என்று விமானத்தைச் சாராத வருமானமும் பெருகியது. ஒரு நிலையம் தரையிறங்கும் கட்டணத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. கடைகளும் வாடகையும்தான் பெரும்பாலான நிலையங்களை நிமிர்த்துகின்றன. நாளுக்கு நாற்பது பயணிகள் வரும் முனையத்தில் காப்பிக் கடை வைப்பவருக்குக் கூட வாடகை கட்டாது.

அதே கேரளத்தில், அதே மாதிரியில், 2018 டிசம்பர் 9 அன்று கண்ணூர் நிலையம் திறக்கப்பட்டது. 3,050 மீட்டர் ஓடுபாதை, அழகான முனையம், அரசும் மக்களும் பங்குதாரர்கள். ஆயினும் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் அங்கே வந்து செல்ல மத்திய அரசு அனுமதி தராததால், எதிர்பார்த்த வளைகுடாப் போக்குவரத்து முழுமையாக வரவில்லை. கடன் சுமை அழுத்துகிறது. பங்கு போட்டவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்தாலும், எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம் என்ற சாவி டெல்லியிடம் இருக்கிறது.

தங்கள் தொழிலைப் பொறுத்தவரை, ஆம்பூர்க் காலணி பெரும்பாலும் கப்பலில்தான் போகிறது. மாதிரிகளும் அவசரச் சரக்கும் மட்டும் விமானம் ஏறும். அதற்குச் சென்னையும் பெங்களூரும் போதும். ஆகவே தோல் தொழிலை நம்பிச் சரக்கு நிலையம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் வணிகர்களும் சேர்ந்து, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஓராண்டுக் கணக்கை நேர்மையாக எடுத்து வெளியிட்டால், அதற்கான செலவு ஒரு சிறு கட்டடச் செலவைக்கூட எட்டாது. முதல் திரட்டும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

பெல் நிறுவன ஓய்வூதியர், ராணிப்பேட்டை: தனியாரிடம் கொடுத்தால் நடக்கும் என்கிறார்களே?

தனியாரிடம் கொடுப்பது என்றால் விற்பது அல்ல. ஆணையச் சட்டத்தில் 2003இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி நிலையத்தைக் குத்தகைக்கு விடலாம். நிலம் ஆணையத்திடமே இருக்கும். 2006இல் டெல்லியும் மும்பையும் வருவாயில் பங்கு தரும் முறையில் போயின. 2019இல் ஆறு நிலையங்கள் 50 ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடப்பட்டபோது, ஒரு பயணிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஆறையும் அதானி குழுமம் பெற்றது. திருவனந்தபுரத்துக்கு அது சொன்ன தொகை ரூ.168, போட்டியிட்ட கேரள அரசு நிறுவனம் சொன்னது ரூ.135. நிலம் தந்த எங்களுக்கே தர வேண்டும் என்று கேரளம் நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட 2021இல் வெளியான பணமாக்கல் பட்டியலில் சென்னை, திருச்சி, கோவை, மதுரை நிலையங்களும் இருந்தன. நாங்கள் இலவசமாகத் தந்த நிலத்தை வைத்து ஆணையம் தனியாரிடம் வருமானம் பெறுமானால் அதில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது, என் கருத்தில் நியாயமான கேள்வி.

வேலூருக்கு இவை எதுவும் பொருந்தாது. பயணிக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்க முதலில் பயணி வேண்டும். பெரிய நிலையத்தோடு சிறியதைச் சேர்த்து ஒரே கட்டாகக் குத்தகைக்கு விடவும், கட்டணத்தைச் சேர்த்தே நிர்ணயிக்கவும் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படி ஒரு கட்டில் சேர்ந்தால், பெரிய நிலையத்தின் லாபம் சின்னதைத் தாங்கும் என்பது எண்ணம். இன்றும் ஆணையம் அதைத்தான் செய்கிறது. அதன் நிலையங்களில் பெரும்பாலானவை நட்டத்தில் இருக்க, சில நிலையங்களின் வருமானம் மற்றவற்றைச் சுமக்கிறது. பெரியவை எல்லாம் குத்தகைக்குப் போனபின் சேலத்தையும் வேலூரையும் யார் சுமப்பது என்பதற்கு நான் இதுவரை திருப்தியான பதில் எதையும் படித்ததில்லை.

பட்டு வணிகர், ஆரணி: அரக்கோணத்தில் அவ்வளவு பெரிய ஓடுபாதை இருக்கிறதே, அதில் பயணிகள் விமானம் விட்டால் என்ன?

விட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கி மூடப்பட்டபோது, ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து சில நாட்கள் பயணிகள் விமானங்கள் பறந்தன. ஆகவே இயலாத ஒன்று அல்ல. 1992இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம் கடற்படையின் தொலைதூரக் கண்காணிப்பு விமானங்களுக்கு இருப்பிடம். புனே, கோவா எனப் படைத் தளங்களில் பயணிகள் முனையம் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் நேர ஒதுக்கீடு படையின் வசதியைப் பொறுத்தது, விரிவாக்கத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். இராஜாளியைக் கேட்பதற்குத் தடையில்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகப் பரந்தூர் பேச்சு வந்தபின் அந்தக் கோரிக்கை எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசகர், வாலாஜாப்பேட்டை: பரந்தூர் வந்துவிட்டால் வேலூர் நிலையம் தேவையே இல்லை அல்லவா?

பயணிகளுக்கு வேண்டிய பெரிய ஓடுபாதையைப் பற்றிக் கேட்டால், தங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏறத்தாழ அப்படித்தான். காஞ்சிபுரத்தை ஒட்டிய பரந்தூர், மீனம்பாக்கத்தைவிட நமக்கு அருகில் அமையும். சென்னை நகர நெரிசலைத் தொடாமல் போய்விடலாம். 5,000 ஏக்கருக்கு மேல் தேவைப்படும் அந்தத் திட்டத்துக்கு மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் 2025இல் கிடைத்தது. ஏகனாபுரம் மக்கள் ஏரியையும் வயலையும் விட்டுத்தர மறுத்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நமக்கு டாக்சிச் செலவு குறையும் என்பதற்காக அந்தப் போராட்டத்தை அலட்சியமாகப் பேசுவது முறையாகாது. மேற்கே, ஓசூரிலும் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 150 கிலோமீட்டருக்குள் இன்னொரு புதிய நிலையம் வரக் கூடாது என்று பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை அதற்குக் குறுக்கே நிற்கிறது.

இரண்டுக்கும் நடுவில் அப்துல்லாபுரத்துக்கு மிஞ்சுவது வேறு வகைப் பயன்கள் என்று கருதுகிறேன்: விமானி பயிற்சி, நோயாளிகளையும் உறுப்பு தானத்தில் கிடைக்கும் உறுப்புகளையும் கொண்டுவரும் மருத்துவ விமானம், பேரிடர்க் காலப் பயன்பாடு. சிஎம்சி இருக்கும் ஊரில் மருத்துவ விமானத்துக்கு இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஓர் ஓடுபாதை, நாளுக்கு ஒரு தடவை சென்னைக்குப் பறக்கும் பாதி காலியான விமானத்தைவிட மதிப்புடையது.

கல்லூரி மாணவி, திருப்பத்தூர்: வெளிநாடுகளில் மாநகராட்சிகளே விமான நிலையம் நடத்துகின்றனவாமே?

ஆம். அமெரிக்காவில் பயணிகள் விமான நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை நகரங்களுக்கோ மாவட்டங்களுக்கோ அவை அமைத்த ஆணையங்களுக்கோ சொந்தம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நிலையக் குழுமத்தில் அந்த வட்டாரத்தின் பத்து உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து 64.5 விழுக்காடு பங்கு வைத்திருக்கின்றன. நம் மாநகராட்சிகளுக்கு அந்த நிதி வலிமையும் இல்லை, சட்டத்தில் அந்த இடமும் இல்லை. இங்கே உள்ளூர்க் குரல் ஒலிக்க உள்ள ஒரே மன்றம், மக்களவை உறுப்பினரைத் தலைவராகக் கொண்ட விமான நிலைய ஆலோசனைக் குழு. அதற்கு ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டும்தான். ஆனாலும் மனு கொடுப்பவர்கள் சேவை எப்போது தொடங்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த வகை விமானத்துக்கு, எந்த ஊருக்கு, எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பதில் எழுத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வாசகர், அப்துல்லாபுரம்: எங்கள் வீட்டின் மேல் இன்னொரு மாடி கட்ட வேண்டும். விமானமே வராத நிலையத்துக்காக அனுமதி வாங்க வேண்டுமா? இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் தடை உண்டு என்கிறார்களே?

உயரக் கட்டுப்பாடு விமானம் வருவதைப் பொறுத்ததல்ல, நிலையம் இருப்பதைப் பொறுத்தது. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. ஓடுபாதையின் இரு முனைகளுக்கு நேராக வரம்பு மிகத் தாழ்வாகவும், பக்கவாட்டில் போகப் போகச் சற்றுத் தளர்வாகவும் இருக்கும். தங்கள் வீடு எந்தப் பகுதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு மாடி எளிதாகவும் இருக்கலாம், இயலாமலும் போகலாம். ஆணையத்தின் தடையின்மைச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து தரையின் உயரம் ஆகியவற்றை உரிமம் பெற்ற அளவையரிடம் எடுத்து இணைக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் கட்டி முடித்துவிட்டு, பிறகு இடிக்கச் சொல்லி ஆணை வந்தால் இழப்பு தங்களுடையதே.

இறைச்சியைப் பொறுத்தவரை, பறவைகளை ஈர்க்கும் வகையில் 10 கிலோமீட்டருக்குள் கால்நடைகளை அறுப்பதும் தோலுரிப்பதும் குப்பை கொட்டுவதும் விமான விதிகளில் தடை செய்யப்பட்டவை. முறையான அனுமதியும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் விலக்கு உண்டு. கடையை மூடச் சொல்வதல்ல அதன் நோக்கம். கழிவைத் திறந்த வெளியில் போடாமல் மூடிய வாகனத்தில் அப்புறப்படுத்தினால் கடைக்காரருக்குச் சிக்கல் குறைவு. மாநகராட்சியின் குப்பைக் கிடங்குக்கும் இதே விதி பொருந்தும் என்பதை அங்குள்ளவர்கள் வார்டு உறுப்பினருக்கு நினைவூட்டலாம்.